மால்டா வரைக்கும் போன ஒரு பாத்திரக்கடையின் பெயர்

வேலூர் காந்தி ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், லாட்ஜ் ஒன்றின் மாடிப்படிக்குக் கீழே, ஒரு பாத்திர வாடகைக்கடை இருக்கிறது. கல்யாணத்துக்கு அண்டாவும் குண்டானும் தருகிற கடை இல்லை இது. ஒரு கேஸ் அடுப்பு, இரண்டு குக்கர், வாணலி, நான்கு தட்டு, டம்ளர், கரண்டி, அரிவாள்மனை, ஒரு பக்கெட். இதுதான் ஒரு செட். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து, சுற்றியிருக்கும் லாட்ஜுகளில் வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் இந்த செட்டை எடுத்துப் போவார்கள். ஊர் திரும்பும் அன்று கொடுத்துவிட்டுப் போவார்கள். பெரும்பாலும் மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், திரிபுரா, வங்கதேசத்துக்காரர்கள்.

கடை ரோட்டிலிருந்து பார்த்தால் கண்ணில் படாது. ஆட்டோவுக்குக் கமிஷன் கொடுப்பதில்லை. விளம்பரம் என்று தலைப்புப் போட்டு அவர்கள் நோட்டில் ஒரே ஒரு முறைதான் செலவு எழுதப்பட்டிருக்கிறது, அந்தக் கதை பின்னால் வருகிறது. ஆனாலும் மேற்கு வங்காளத்தின் மால்டா, முர்ஷிதாபாத் பக்கத்துச் சில ஊர்களில், வேலூருக்கு ரயில் டிக்கெட் போடும்போதே இந்தக் கடையின் போன் நம்பரையும் எழுதி வைத்துக்கொள்கிறார்கள். எனக்குக் கணக்கு எழுதும் தொழில். சின்னக் கடைகளின் வரவு செலவைப் பல வருடமாகப் பார்த்து வருகிறேன், இந்தக் கடையின் நோட்டும் என்னிடம்தான் வரும். இந்தப் பெயர் எப்படி அவ்வளவு தூரம் போனது, அதனால் எங்கே பலன் இருந்தது, எங்கே இல்லை என்று எழுதிப் பார்க்கலாம் எனத் தோன்றியது. கடை நடத்தும் அக்கா தன் பெயரும் கடையின் பெயரும் போட வேண்டாம் என்றார். விளம்பரம் ஆகிவிடுமாம்.

கமிஷன் ஓடுகிற தெரு

1900இல் ஐடா ஸ்கடர் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியம், 1902இல் 40 படுக்கைகள் கொண்ட ஷெல் ஆஸ்பத்திரியாக ஆனது. இன்றைய சி.எம்.சி. அதிலிருந்து வளர்ந்ததுதான். வேலூருக்குக் கோட்டை இருக்கிறது, ஜலகண்டேஸ்வரர் இருக்கிறார், 1806 சிப்பாய்ப் புரட்சியின் பெருமை இருக்கிறது, ஸ்ரீபுரத்தில் தங்கக் கோயிலும் வந்துவிட்டது. ஆனால் காந்தி ரோட்டுக்கும் பாபு ராவ் தெருவுக்கும் சோறு போடுவது ஆஸ்பத்திரி. தன்பாத் ஆலப்புழா எக்ஸ்பிரஸ் காட்பாடி ஜங்ஷனில் நிற்கும்போது போய்ப் பார்த்தால் தெரியும், எக்ஸ்ரே கவரை மார்போடு அணைத்தபடி எத்தனை பேர் இறங்குகிறார்கள் என்று.

அவர்களுக்காகத் தெருவே மாறியிருக்கிறது. வங்காள எழுத்தில் போர்டுகள், கடுகெண்ணெய், பஞ்ச் போரன் என்கிற ஐந்து பொருள் தாளிப்புக் கலவை, பொரி மூட்டை எல்லாம் உண்டு. மீன் விற்பவர்கள் ரோகுவையும் கட்லாவையும் வங்காளிகள் கேட்கிற மாதிரி குறுக்குத் துண்டாக வெட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். தலையை மட்டும் தூக்கிப் போட்டுவிடக் கூடாது, அது பருப்பில் போடுவதற்கு. அரிசி விஷயத்தில் பிரச்சினை இல்லை, நம்மைப் போலவே அவர்களுக்கும் புழுங்கல் அரிசிதான். எண்ணெய்தான் வேறு, புளியும் ஒத்துவராது. நோயாளிக்குப் பத்தியமும் பார்க்க வேண்டும், பணமும் கையைக் கடிக்கக் கூடாது. அதனால் சொந்தமாகச் சமைத்துக்கொள்வார்கள். பாத்திர வாடகைத் தொழில் பிழைப்பது இதை நம்பித்தான்.

இந்தத் தொழிலுக்கு வருகிற வாடிக்கையாளர் எப்படிப்பட்டவர்? மொழி தெரியாதவர். பயந்து போயிருப்பவர். மறுபடி வருவாரா என்று யாருக்கும் தெரியாதவர். இப்படி மூன்றும் சேர்ந்த ஆள், யார் முதலில் கையைப் பிடிக்கிறாரோ அவர் பின்னால்தான் போவார். எனவே காட்பாடி ஸ்டேஷன் வாசலில் முதலில் பேசுகிற ஆட்டோக்காரருக்கு மவுசு. அவர் லாட்ஜில் கொண்டுபோய் விட்டால் அங்கே ஒரு கமிஷன். லாட்ஜ் பையன் பாத்திரக்கடையைக் காட்டினால் அவனுக்கு ஒன்று. மெஸ், டிராவல்ஸ், டிக்கெட் ஏஜெண்ட் என்று சங்கிலி நீளும்.

இதை ஏதோ அயோக்கியத்தனம் போலப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரயில் மூன்று மணி நேரம் தாமதமாக வந்தாலும் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்கிற ஆட்டோக்காரருக்கு, சவாரிக் கூலி மட்டும் போதாது. அக்காவுக்கும் அவர்கள் மேல் கோபம் கிடையாது. "அவுங்க பொழப்பு அவுங்களுக்கு, நாம இன்னா சொல்றது" என்று விட்டுவிடுவார். கமிஷனில் எனக்குத் தெரிகிற கோளாறு கணக்கு சம்பந்தப்பட்டது. கமிஷன் கொடுத்து வாங்கிய வாடிக்கையாளர் ஒரு தடவைக்குத்தான். அடுத்த ஆளுக்கு மறுபடி கொடுக்க வேண்டும். அந்தப் பணம் வாடகையில் ஏறும், ஏறின வாடகை வாடிக்கையாளருக்குக் கொஞ்ச நாளில் தெரிந்துபோகும். பக்கத்து ரூம்காரர் குறைவாகக் கொடுத்தார் என்று தெரிந்த அன்றே அந்தக் கடையின் பெயர் கெட்டுவிடும். விளம்பரத்துக்குக் கொடுத்த காசே கடைசியில் கடைக்கு எதிராகப் பேசும்.

செட்டோடு சேர்ந்து போனவை

அக்காவின் வீட்டுக்காரர் முன்பு ஒரு லாட்ஜில் ரூம் பையனாக இருந்தவர். நோயாளிக் குடும்பங்களுக்குப் பாத்திரம் தேடித் தேடி அலைந்த அனுபவத்தில்தான் இந்தக் கடை வந்தது. ஆரம்பத்தில் மண்ணெண்ணெய் ஸ்டவ். இப்போது 5 கிலோ சிலிண்டர். வீட்டுச் சிலிண்டரை வாடகைக்கு விடக் கூடாது என்பதில் மகன் கண்டிப்பு.

கமிஷன் கொடுக்கப் பணம் இல்லாததால்தான் இவர்கள் கமிஷன் கொடுக்கவில்லை. இதைக் கொள்கை என்று சொல்லிப் பெருமைப்படுத்த நான் தயாரில்லை, அக்காவும் அப்படிச் சொன்னதில்லை. பணத்துக்குப் பதிலாக அவரிடம் இருந்தது நேரமும் வாயும். செட்டை எடுத்துக் கொடுக்கும்போது எந்த டிபார்ட்மெண்ட், எந்தத் தேதிக்கு டாக்டரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்பார். கேட்டுக் கேட்டே வங்காளி பேசக் கற்றுக்கொண்டார். இலக்கணம் எப்படியோ, அவர் பேசினால் அவர்களுக்குப் புரிகிறது.

அந்தக் கேள்விக்குப் பின்னால் வரும் தகவல்தான் விலைமதிப்பு உள்ளது. கண் வைத்தியம் என்றால் இந்தக் கட்டடத்தில் நின்று பிரயோஜனம் இல்லை, ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மனநலப் பிரிவு பாகாயத்தில், அதற்கு டவுன் பஸ்ஸே போதும், ஆட்டோ வேண்டாம். டெஸ்ட் எல்லாம் முடிய நாளாகும் போலிருந்தால் தினவாடகையில் ரூம் எடுக்காதே, வார வாடகை பேசு. வங்கதேசத்துக்காரர் என்றால் பாஸ்போர்ட், விசா நகல் நாலைந்து கையோடு வைத்துக்கொள், வெளிநாட்டவர் வந்து தங்கிய 24 மணி நேரத்துக்குள் லாட்ஜ்காரர் அவர் விவரத்தை அரசாங்கத்திடம் பதிய வேண்டும், நகல் இல்லாவிட்டால் இரவில் அலைய வைப்பார்கள். இதில் எதுவும் ரகசியம் இல்லை. ஆனால் புதிதாக வந்து இறங்கியவருக்கு இவை ஒவ்வொன்றும் ஒரு நாளையோ சில நூறு ரூபாயையோ மிச்சப்படுத்தும்.

சில பழக்கங்கள் கடைக்கு நஷ்டம் வைப்பவை. கரண்டியோ டம்ளரோ தொலைந்தால் அக்கா அட்வான்ஸில் பிடிக்க மாட்டார். நோயாளி இறந்துபோய்க் குடும்பம் கிளம்புகிறது என்றால், பாத்திரத்தை எண்ணிப் பார்க்காமல் அட்வான்ஸ் முழுவதையும் கொடுத்து, அந்த நாட்களின் வாடகையையும் விட்டுவிடுவார். வருடக் கடைசியில் நோட்டைப் பார்த்தால் பாத்திரக் கழிவு என்று ஒரு தொகை நிற்கும். ஒரு முறை இதைக் குறைக்கலாமே என்றேன். "சாவு வீட்ல நின்னு டம்ளர் எண்ணச் சொல்றியா தம்பி" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

உள்ளூர் உறவுகளும் இப்படித்தான் சேர்ந்தன, ஆனால் அவற்றின் தன்மை வேறு. லாட்ஜ்காரர்களுக்கு ரூமில் சமையல் என்றாலே பயம், தீப்பிடித்தால் யார் பதில் சொல்வது? அக்காவின் வீட்டுக்காரர் தாம் கொடுத்த அடுப்பை மட்டும் பார்க்காமல், அந்த மாடியில் இருக்கிற எல்லா அடுப்புகளின் ரப்பர் டியூபையும் பார்த்துவிட்டு வருவார். வேறு கடையிலிருந்து வந்த அடுப்பாக இருந்தாலும் சரி. வெடிப்பு விட்டிருந்தால் மாற்றச் சொல்வார். லாட்ஜ் மேனேஜர்களுக்கு இது பெரிய நிம்மதி. பாத்திரம் வேண்டும் என்று யாராவது கேட்டால் கமிஷன் தருகிற கடையைக் காட்டுவதா, இந்தக் கடையைக் காட்டுவதா என்ற இடத்தில் சிலர் இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். எல்லாரும் இல்லை. கமிஷன்தான் முக்கியம் என்ற லாட்ஜுகளில் இந்தக் கடையின் செட் இன்றைக்கும் நுழைவதில்லை.

பெயர் போன பாதை

உள்ளூர் ஆதரவு மட்டும் இருந்திருந்தால் இது சுமாரான ஒரு கடையாக நின்றிருக்கும். கடையைத் தூக்கி நிறுத்தியது ஊர் திரும்பிப் போனவர்கள்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இந்த இடத்தில் பொருந்துகிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரை ஒட்டிய பகுதியில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6 சதவீதம், அபூர்வமாகப் பார்ப்போம் என்றவர்கள் 27.8 சதவீதம். நெருங்கியவர்கள் நமக்குத் தெரிந்ததையே தெரிந்து வைத்திருப்பார்கள், தூரத்துப் பழக்கம்தான் நமக்குத் தெரியாத வட்டத்திலிருந்து சேதி கொண்டுவரும் என்பது அவர் சொன்ன காரணம். சின்ன ஆய்வுதான், ஆனால் வியாபாரத்தில் இருப்பவர்கள் இதை அன்றாடம் பார்க்கிறார்கள். காந்தி ரோட்டில் அக்காவை நன்றாகத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவருக்கும் வாடகைப் பாத்திரம் தேவைப்படாது. தேவைப்படுகிறவர்கள் எங்கோ ஒரு கிராமத்தில், இன்னும் நோய் இன்னதென்று தெரியாமல் இருக்கிறார்கள்.

மால்டா பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். மனைவியின் வைத்தியத்துக்காக முதல் தடவை வந்தபோது செட் எடுத்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ரிவ்யூவுக்கு வர வேண்டியிருந்தது. சி.எம்.சி.க்கு வருகிறவர்களில் இப்படித் திரும்ப வருபவர்கள் நிறைய உண்டு. முதல் தடவை பார்க்கும்போது ஒருமுறை வந்து போகிற ஆள் போலத் தெரிவார்கள், அவ்வளவுதான். கமிஷன் சங்கிலி இந்த விஷயத்தைக் கண்டுகொள்வதே இல்லை. இரண்டாம் தடவை வந்த வாத்தியாருக்கு ஊர் தெரியும், ஆட்டோக்காரர் தேவையில்லை. நேரே கடைக்கு வந்து பையை வைத்துவிட்டுத்தான் ரூம் பார்க்கப் போனார்.

அவர் ஊரில் யாருக்காவது பெரிய வியாதி என்றால் முதலில் கேட்பது, வேலூருக்குப் போய் வந்தவர் யார் என்பதுதான். வாத்தியாரைக் கேட்பார்கள். அவர் தன் மனைவியின் மருந்துச் சீட்டை நகல் எடுத்து, அதன் பின்பக்கம் எழுதிக் கொடுப்பார்: எந்த ரயில், காட்பாடியில் இறங்கியதும் பஸ் எங்கே நிற்கும், எந்தச் சந்து, அக்காவின் போன் நம்பர். அப்படி வந்த சீட்டுகள் சிலவற்றை நானே பார்த்திருக்கிறேன். டாக்டரின் பெயருக்குக் கீழே பாத்திரக்கடையின் பெயர். எந்த விளம்பரப் பலகையில் காசு கொடுத்தாலும் இந்த இடம் கிடைக்காது.

வாத்தியார் ஏன் இதைச் செய்கிறார் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். அக்காவுக்கு உதவ வேண்டும் என்பதற்காக இல்லை. கவலையோடு வந்து நிற்கும் பக்கத்து வீட்டுக்காரருக்கு நம்பகமாக ஒரு வழி சொல்ல வேண்டும், சொன்ன வழி தப்பாகப் போனால் ஊரில் தன் பெயர் கெடும். தன் பெயரை அடகு வைக்கத் தகுந்த கடை என்று அவர் முடிவு செய்திருக்கிறார். கடைக்கு இதில் கிடைப்பது வாடிக்கை, அவருக்குக் கிடைப்பது ஊர் மரியாதை. ஆளுக்கொரு லாபம் இருக்கிறது, ஆனால் ரூபாயாக இல்லை. இந்த இடத்தை விட்டுவிட்டால் அடுத்து நடந்தது புரியாது.

மகனின் யோசனை

மகன் படித்து முடித்துவிட்டுக் கடைக்கு வந்தான். கெட்டிக்காரப் பையன். கூகுள் மேப்பில் கடையைப் போட்டது, வாட்ஸ்அப் பிசினஸ் 2018இல் வந்ததும் அதில் பழைய வாடிக்கையாளர் எண்களையெல்லாம் ஏற்றியது, செட்டில் என்னென்ன இருக்கிறது என்று வங்காளியில் படம் போட்டு அனுப்பியது எல்லாம் அவன் வேலை. நல்ல வேலை. அதற்கு அப்புறம் ஒரு திட்டம் போட்டான். யாராவது ஓர் ஆளை அனுப்பி வைத்தால், அனுப்பியவருக்கு அடுத்த முறை வாடகையில் தள்ளுபடி. வந்தவர் கூகுளில் ஐந்து நட்சத்திரம் போட்டால் அவருக்கு ஒரு நாள் வாடகை இலவசம். நோட்டில் விளம்பரம் என்று எழுதப்பட்ட ஒரே செலவு இதுதான்.

முதல் மாதம் ரிவ்யூக்கள் கொட்டின. எல்லாம் ஒரே மாதிரி, நல்ல கடை, நல்ல சேவை என்று இரண்டு வார்த்தை. அதைப் படித்து யாரும் வரப்போவதில்லை. போதாததற்கு, சலுகை கொடுத்து ரிவ்யூ வாங்குவதை கூகுள் விதிகள் தடை செய்கின்றன. கண்டுபிடித்தால் ரிவ்யூக்களையே தூக்கிவிடுவார்கள்.

அது கூடப் பரவாயில்லை. வாத்தியாருக்கும் அந்தத் தள்ளுபடிச் செய்தி போயிருந்தது. அவர் பதில் போடவில்லை. மனைவியின் அடுத்த ஆஸ்பத்திரி ரிவ்யூவுக்கு வந்தபோது கடைக்கு வந்தார், செட் எடுத்தார், தள்ளுபடி வேண்டாம் என்று முழு வாடகையும் வைத்தார். ஊரில் ஒருவர் அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு, மாஸ்டருக்கு வேலூரில் கமிஷன் வருகிறது போல என்று பேசியிருக்கிறார். அது வரை ஊருக்கு உதவி செய்பவர் என்று இருந்த மனிதரை, ஒரு வாட்ஸ்அப் செய்தி ஸ்டேஷன் வாசல் ஏஜெண்ட் ஆக்கிவிட்டது.

மகனுக்கு இது புரிய நேரம் எடுத்தது. காசு கொடுத்தால் இன்னும் அதிகமாகச் செய்வார்கள் என்பதுதானே சாதாரணக் கணக்கு. ஆனால் ஏற்கெனவே காசு இல்லாமல் செய்துகொண்டிருப்பவரிடம் காசை நீட்டினால், அவர் செய்த காரியத்தின் விலை தெரிந்துவிடுகிறது. அது அவமானமாக இருக்கும் அளவுக்குச் சின்ன விலை. அதே தள்ளுபடியை அனுப்பியவருக்குக் கொடுக்காமல், புதிதாக வருகிறவருக்குக் கொடுத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது என்பது என் எண்ணம். "என் பெயரைச் சொல், குறைத்துக் கொடுப்பார்கள்" என்று வாத்தியார் ஊரில் தலை நிமிர்ந்து சொல்லியிருக்கலாம். மகனிடம் சொன்னேன். அக்கா அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை, யாருக்கும் ஒரே வாடகை என்றார். திட்டம் சில மாதங்களில் கைவிடப்பட்டது. அக்கா வாத்தியாருக்குப் போன் செய்து பேசினார். என்ன பேசினார் என்று நான் கேட்கவில்லை. சீட்டுகள் மறுபடி வரத் தொடங்க ஒரு வருடத்துக்குப் பக்கம் ஆனது.

மூன்று அடிகள்

உறவு வைத்து நடக்கும் தொழில் நல்ல காலத்தில் எப்படி இருக்கிறது என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இந்தக் கடைக்கு ஐந்து வருடத்துக்குள் மூன்று அடி விழுந்தது.

முதலாவது 2020 மார்ச் 25 ஊரடங்கு. வைத்தியத்துக்கு வந்தவர்கள் அப்படியே லாட்ஜுகளில் மாட்டிக்கொண்டார்கள். ரயில் இல்லை, கையில் இருந்த பணமும் கரைந்தது. ஏப்ரலில் சென்னையிலிருந்து டாக்காவுக்குச் சிறப்பு விமானங்களும், மே முதல் வாரத்தில் காட்பாடியிலிருந்து ஜார்க்கண்டுக்குச் சிறப்பு ரயிலும் விட்ட பிறகுதான் ஆட்கள் கிளம்ப முடிந்தது. அந்த நாட்களுக்கு அக்கா யாரிடமும் வாடகை கேட்கவில்லை. கேட்டாலும் வந்திருக்காது என்பது வேறு விஷயம். ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, அடுத்த சில மாதங்களில், கேட்காமலேயே சிலர் போனில் பணம் அனுப்பினார்கள். வங்கதேசத்துக்காரர் ஒருவர் கொல்கத்தாவில் இருக்கும் உறவினர் மூலமாக அனுப்பினார். எல்லாரும் அனுப்பவில்லை. அந்த வருட நஷ்டத்தில் சிறு பகுதியைத்தான் அது ஈடு கட்டியது. அக்கா குடும்பம் நகையை அடகு வைத்துத்தான் கடை வாடகை கட்டியது. இதை விட்டுவிட்டு, அன்பு செய்தோம் அன்பு திரும்பி வந்தது என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

இரண்டாவது அடிதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியமானது. 2022இல் சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம் திறந்தது. சென்னை நெடுஞ்சாலையில், ரத்தினகிரி பக்கம். விபத்துச் சிகிச்சை மையமும் இன்னும் பல துறைகளும் அங்கே போயின. காந்தி ரோடு முழுக்கக் கலக்கம். ஒரு தெருவின் மதிப்பே ஆஸ்பத்திரி வாசலுக்கு எத்தனை அடி தூரம் என்பதில்தான் இருந்தது, இப்போது வாசலே நகர்ந்துவிட்டது. சில இடங்களில் நோயாளிகளிடம் விஷயத்தைச் சொல்லாமல், இங்கேயே ரூம் எடுங்கள், தினமும் வண்டியில் போய் வரலாம் என்று பிடித்து வைத்தார்கள். உடம்பு முடியாதவரை தினமும் அவ்வளவு தூரம் அலைய வைப்பது என்ன நியாயம்?

அக்கா போன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் துறை எங்கே போயிருக்கிறது என்று தெரிந்த மட்டும் பழைய வாடிக்கையாளர்களுக்குச் சொல்லத் தொடங்கினார். உங்கள் டிபார்ட்மெண்ட் அங்கே போய்விட்டது, அங்கேயே ரூம் பாருங்கள், இங்கே வராதீர்கள். மகன் அதை வங்காளியில் ஒரு பக்கத்துக்கு அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினான். இந்த முறை தள்ளுபடி எதுவும் இல்லை. சொந்த வாடிக்கையையே வெளியே அனுப்பும் செய்தி அது. என் கணக்கில் அந்த வருடம் செட் வாடகை நன்றாக அடி வாங்கியது.

ஆனால் அந்த ஒரு பக்கம் கை மாறிக் கை மாறி எங்கெங்கோ போயிருக்கிறது. முன்பின் தெரியாதவர்கள் போன் செய்து, எங்கள் டாக்டர் எந்த வளாகத்தில் என்று கேட்டார்கள். ராணிப்பேட்டை என்றால் அங்கே அனுப்புவார், வேலூர் என்றால் பாதிப் பேர் கடைக்கு வருவார்கள். ரத்தினகிரி பக்கம் வீடு வாடகைக்கு விடும் ஒருவர், இந்தக் கடையால் தனக்கு ஆள் வருகிறது என்று தெரிந்து தேடி வந்தார். நானும் உங்களுக்கு ஏதாவது தருகிறேன் என்றார். கமிஷன் வேண்டாம், உன் வீட்டில் என் செட் பத்து வைத்துக்கொள், வாடகையை மாதா மாதம் அனுப்பு என்று பேசி முடித்தார் அக்கா. கடை போடாமலேயே அங்கே ஒரு கிளை. ஆஸ்பத்திரி வாசலை நம்பியிருந்த கடைகள் ஆள் குறைந்து ஷட்டரை இறக்கிய சமயத்தில் இது நடந்தது.

கூகுளில் வந்த ரிவ்யூக்களின் தன்மையும் மாறியிருந்தது. வங்காளியில் நீளமாக எழுதியிருந்தார்கள். மகன் படித்துக் காட்டியதில் பாதிக்கு மேல் பாத்திரத்தைப் பற்றியே பேசவில்லை. எந்தக் கட்டடம் என்று சொன்னார், ராத்திரி போனை எடுத்தார், இப்படித்தான் இருந்தது. வேலூரில் தங்க இடம் தேடுகிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்றாவது அடி 2024 ஆகஸ்ட். டாக்காவில் ஆட்சி மாறியது, இந்திய விசா கிடைப்பது மிகவும் குறைந்தது, வங்கதேச நோயாளிகள் வரத்து சடாரென்று விழுந்தது. இதற்கு உறவு ஒன்றும் செய்யவில்லை. செய்யவும் முடியாது. சிட்டகாங்கிலிருந்து போன் வரும், அக்காவும் பேசுவார், விசா கிடைத்தால் வருகிறோம் என்பார்கள். மேற்கு வங்காளமும் ஜார்க்கண்டும் இருந்ததால் கடை நின்றது. வங்கதேசத்தை மட்டும் நம்பியிருந்தால் எத்தனை பாசம் இருந்தும் மூடியிருக்க வேண்டியதுதான். வாடிக்கையாளர்கள் பல இடங்களிலிருந்து வருகிறார்களா என்று பார்க்கும் வேலையை உறவு நமக்காகச் செய்து தராது.

பார்த்துச் செய்தவர்கள்

இந்தக் கடையைப் பார்த்துவிட்டு பக்கத்துத் தெருவில் இன்னொருவர் அதே மாதிரி தொடங்கினார். வங்காளி பேசும் பையனை வேலைக்கு வைத்தார், வருகிறவர்களுக்கு டீ கொடுத்தார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார், துர்கா பூஜைக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினார். கிளம்பும்போது கரண்டி தொலைந்தால் அட்வான்ஸில் பிடித்தார். அவரும் மோசமான வியாபாரி இல்லை, கணக்கில் கறாராக இருப்பது தப்பும் இல்லை. ஆனால் டீயைப் பற்றி யாரும் மால்டாவில் போய்ப் பேசவில்லை. வந்தவர் ஊரில் போய்ச் சொல்வது எதை? தன்னால் அடுத்தவருக்குப் பயன்படுகிற தகவலை. அது அவர் கையில் கொடுக்கப்படவில்லை என்றால், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆம்பூரில் தோல் செருப்புக் கடை வைத்திருக்கும் ஒரு நண்பரிடம் இதைச் சொன்னபோது, தனக்கு இது பொருந்தாது, தன்னிடம் வருபவருக்கு அவசரமும் இல்லை பயமும் இல்லை என்றார். அதில் நியாயம் இருக்கிறது. வாடிக்கையாளருக்குத் தெரியாத, கடைக்காரருக்குத் தெரிந்த ஏதோ ஒன்று அதிகமாக இருக்கும் தொழில்களில்தான் இந்த வழி வேகமாக வேலை செய்கிறது. மெடிக்கல் ஷாப், வண்டி மெக்கானிக், பள்ளிச் சேர்க்கை, கல்யாண மண்டபம், எங்களை மாதிரி கணக்கு எழுதுகிறவர்கள் கூட.

இதன் அளவு என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். இந்தக் கடைக்கு அந்தக் கவலை இன்னும் வரவில்லை. அக்காவின் காதும் வாயும் எத்தனை பேருக்குப் போதுமோ அதுதான் கடையின் எல்லை. ராத்திரி பத்து மணிக்கு வருகிற போனையும் அவரேதான் எடுக்கிறார். அவருக்கு உடம்பு முடியாமல் போன ஒரு மாதம் மகன் எடுத்தான். தகவல் சரியாகத்தான் சொன்னான், ஆனாலும் திதி, அதாவது அக்கா, எங்கே என்றுதான் முதலில் கேட்டார்கள்.

மகனுக்கு இப்போது ரத்தினகிரியில் சொந்தமாக ஒரு கடை போட வேண்டும். பேங்க் லோனுக்கு என்னிடம் கணக்கு கேட்டிருக்கிறான். அங்கே யார் உட்காருவது என்று முடிவு பண்ணிவிட்டு அப்புறம் லோனுக்குப் போ என்கிறார் அக்கா. அவன் ஒரு வங்காளிப் பெண்ணை வேலைக்குப் பேசி வைத்திருக்கிறான், கணவரின் வைத்தியத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர், இரண்டு வளாகமும் அவருக்கு அத்துப்படி. அந்தப் பெண் இரண்டு மாதம் காந்தி ரோட்டுக் கடையில் அக்காவோடு உட்கார்ந்து பார்க்கட்டும் என்பது வரை பேச்சு வந்திருக்கிறது. லோன் பேப்பரை நான் இன்னும் பேங்குக்கு அனுப்பவில்லை.